பதரு தூத்துகிற வேலை

(தஞ்சாவூரில் நடந்த மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் கவிதை கொண்டுவரவில்லை. மரபணு சிகிச்சை பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். முன்வரிசையில் ஒரு தோழர் சிரிக்கிறார். சிரிங்க, தப்பில்லை. நான் வங்கியில் குமாஸ்தா, படித்தது பி.காம். எனக்கும் இந்த விஷயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். சம்பந்தம் என் தங்கச்சி வழியாக வந்தது.

சித்தப்பா மகள். நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்க தெரு. அவள் அம்மா, என் சின்னம்மா, இன்னிக்கும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற மனுஷி. அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் எம்.எஸ்சி. முடித்து, வெளிமாநிலத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறாள். பேரையும் இடத்தையும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவளுக்கு அங்கே இன்னும் ரெண்டு வருஷம் வேலை இருக்கிறது. காரணம் உங்களுக்குப் புரியும்.

போன பொங்கலுக்கு வந்திருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். இயக்கத்தில் பத்து வருஷம் இருந்த திமிரோடு கேட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். "கோடிக்கணக்கில் விலை வைத்து விற்கப்போகிற மருந்துக்கு நீ ராத்திரி பகலா உழைக்கிறே. இதுல நம்ம ஜனத்துக்கு என்னம்மா இருக்கு? சட்டம் படிச்சிருந்தா ஒரு வன்கொடுமை வழக்காவது நடத்தியிருப்பியே?"

அவள் பதில் சொல்லவில்லை. சின்னம்மாதான் உள்ளேயிருந்து கேட்டாள்: "அவ என்னதான் வேலை பாக்குறா தம்பி? எங்கிட்ட சொன்னா வெளங்க மாட்டேங்குது."

தங்கச்சி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பதரு தூத்துற வேலைம்மா."

அன்றைக்கு அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் உங்களுக்குச் சொல்கிறேன்.

நம் உடம்பில் அநேகமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மரபணு இருக்கிறது. எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்று எழுதி வைத்த குறிப்பு அது. சில பேருக்குப் பிறக்கும்போதே அதில் ஒரு குறிப்பு பிழையாக இருக்கும், அல்லது இல்லாமலே இருக்கும். அந்தப் புரதம் உடம்பில் உண்டாகாது. நோய் வரும். சரியான குறிப்பை வெளியிலிருந்து செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன என்பதுதான் மரபணு சிகிச்சை. ஆனால் செல் யாரையும் லேசில் உள்ளே விடாது. உள்ளே நுழையத் தெரிந்தது வைரஸ். அதன் வேலையே அதுதான். அதனால் வைரஸுக்குள் இருக்கிற சொந்தச் சரக்கை எடுத்துவிட்டு, நமக்கு வேண்டிய மரபணுவை வைத்து அனுப்புகிறார்கள். இப்படிச் சுமந்துபோகிற வைரஸுக்கு வெக்டர் என்று பெயர்.

தங்கச்சி வேலை செய்கிற வெக்டருக்கு ஏ.ஏ.வி. என்று சுருக்கப் பெயர். நோய் எதுவும் உண்டாக்குவதாகத் தெரியாத ஒரு குட்டி வைரஸ். குறுக்களவு 25 நானோமீட்டர். அதில் ஏறுகிற சரக்கு சுமார் 4,700 எழுத்து, அதற்குமேல் தாங்காது. இதைத் தயாரிப்பதும் ஒரு வெள்ளாமைதான். மனித செல்களைத் திரவத்தில் வளர்க்கிறார்கள். அவற்றுக்குள் மூன்று வகை வட்ட டி.என்.ஏ.க்களை ஏற்றுகிறார்கள். ஒன்றில் மருந்து மரபணு, ஒன்றில் வைரஸ் கூடு கட்டுவதற்கான குறிப்பு, இன்னொன்றில் உதவிக் குறிப்பு. ரெண்டு மூணு நாளில் செல்லுக்குள் வைரஸ் விளைகிறது. செல்லை உடைத்து அறுவடை செய்கிறார்கள்.

பிரச்சினை அங்கேதான். விளைந்த கூடுகளில் பெரும்பகுதி காலிக் கூடு. உள்ளே மரபணு இருக்காது. இன்னும் சிலது அரைகுறையாக நிரம்பியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். காலிக் கூட்டை அப்படியே ஊசியில் ஏற்றினால் பலன் இல்லாததோடு போகாது, உடம்பின் எதிர்ப்பு சக்தி அதையும் எதிரி என்று நினைத்துக் கிளம்பும், ஈரலுக்குப் பாரம். அதனால் பிரிக்கவேண்டும். அதற்கு ஒரு வழி, சீசியம் குளோரைடு என்கிற உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலில் இதைப் போட்டு, அதிவேகமாக மணிக்கணக்கில் சுற்றவிடுவது. நிரம்பிய கூடு கனம், மில்லிலிட்டருக்கு 1.4 கிராம் என்கிற அடர்த்தியில் போய் நிற்கும். காலிக் கூடு 1.3-லேயே மேலே நின்றுவிடும். அரைகுறை ரெண்டுக்கும் நடுவில்.

சின்னம்மா கேட்டுக்கொண்டே இருந்தவள் சொன்னாள்: "இதுக்கா இவ்வளவு படிப்பு? வெதைநெல்லை உப்புத் தண்ணியில கொட்டுறோமே, அதான? முட்டையப் போட்டுப் பாத்தா மெதக்கணும், அதுதான் உப்போட பதம். பதரும் கருக்காவும் மேல வரும், அரிச்சு எடுத்துடலாம். மணி அடியில நிக்கும்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "அண்ணே, எங்க ஆய்வுக்கூடத்துல முதல் வருஷம் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தப்ப நான் இதைத்தான் நினைச்சேன். ஆனா வாய் விட்டுச் சொல்லல. சொன்னா நம்மளை என்ன நினைப்பாங்களோன்னு."

தோழர்களே, அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. பதர் எது மணி எது என்று தலைமுறை தலைமுறையாகக் கையால் பிரித்த ஜனம் நாம். அந்த அறிவுக்கு அறிவு என்று பெயர் கிடைக்கவில்லை. அதே வேலையை எந்திரத்தில் வைத்தால் அறிவியல் என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த எந்திரத்துக்குப் பக்கத்தில் நம்ம வீட்டுப் பெண் நிற்கும்போது, தன் அம்மா செய்கிற வேலையின் பேரை உரக்கச் சொல்லப் பயப்படுகிறாள்.

இப்போது நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். விலை.

எஸ்.எம்.ஏ. என்ற தசைநார்ச் சிதைவு நோய்க்கு சோல்ஜென்ஸ்மா என்று ஒரு மருந்து. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதே ஏ.ஏ.வி. வெக்டர்தான். நம்ம ஊரில் 16 கோடி ரூபாய் என்று விலை பேசப்பட்டது. 2021-ல் தமிழ்நாட்டில் ஒரு குழந்தைக்காக ஊர்பூராப் பணம் திரட்டினார்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க கிளைக்கு வயசான ஒரு அம்மா வந்து, செல்போனில் யாரோ அனுப்பிய கணக்கு எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, 100 ரூபாய் கட்டணும் என்றார். காலில் சேறு காயவில்லை. சலான் நான்தான் எழுதிக்கொடுத்தேன்.

அன்றைக்கு ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். அதையே இப்போது புதுக் கூலிக்கு மாற்றிப் போட்டிருக்கிறேன். 2025-26-க்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். வருஷத்துக்கு முழுசாக நூறு நாளும் வேலை கிடைக்கிறது, ஒரு பைசா செலவழிக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்த அம்மா 16 கோடி சேர்க்க 4,761 வருஷத்துக்கு மேல் ஆகும்.

ஏன் இவ்வளவு விலை? கம்பெனியின் லாபம் ஒரு பக்கம். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தயாரிப்பும் லேசான காரியம் இல்லை என்கிறாள் தங்கச்சி. அந்த மருந்து குழந்தையின் எடையில் கிலோவுக்கு 110 லட்சம் கோடி வெக்டர் என்கிற கணக்கில் ஏற்றவேண்டியது. பத்துக் கிலோ குழந்தைக்கு 1,100 லட்சம் கோடி. அத்தனையும் தூசு தும்பு இல்லாத அறையில் விளையவேண்டும், கிருமி சோதனை, நச்சு சோதனை எல்லாம் தாண்டவேண்டும். விளைச்சல் ரெண்டு மடங்கானால், பதர் பாதியானால், செலவு இறங்கும். தங்கச்சியின் ஆய்வேடு முழுக்க அந்த ஒரு விஷயம்தான். அவள் கண்டுபிடிக்கப் பார்ப்பது புது மருந்து இல்லை. இருக்கிற மருந்தைக் குறைந்த செலவில் விளைவிப்பது எப்படி என்பது.

"அப்ப விலை குறைஞ்சிடுமா?" என்று கேட்டேன்.

"செலவு குறையும்ணே. விலை குறையுமான்னு எனக்குத் தெரியாது. அது உங்க வேலை" என்றாள்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தஞ்சாவூர்க்காரனுக்கு இது தெரியாத விஷயமா? 1960-களின் தொடக்கத்தில் தீவிர விவசாயத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் எடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அடுத்து ஆடுதுறை 27 வந்தது. உரம் வந்தது. களத்தில் நெல் கூடியது. கூலிப் படி மட்டும் கூடவில்லை. கூட்டிக் கேட்டுச் சங்கம் வைத்ததற்குத்தான் 1968 டிசம்பர் 25 ராத்திரி வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். நெல் ரகத்தின் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. விளைச்சலைப் பங்கு போடுகிற இடத்தில் நம்ம ஆள் இல்லை.

ஆகவே, இந்த அறிவியலே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கொஞ்ச காலம் நான் அப்படித்தான் பேசினேன், இதே பத்திரிகையில் எழுதியும் இருக்கிறேன். வேலூரில் நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு அப்படிப் பேச முடியவில்லை.

ஹீமோஃபிலியா என்கிற நோய். ரத்தம் உறையாது. ஆண் பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் வரும். அடிபடாமலே மூட்டுக்குள் ரத்தம் கசிந்து முழங்கால் வீங்கி, பையன் நடக்க முடியாமல் போவான். அரிவாளும் மண்வெட்டியும் பிடிக்கிற வீட்டில் இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் என்ன கதி என்று நான் சொல்லவேண்டியதில்லை. உறையச் செய்கிற எட்டாம் காரணியை வாழ்நாள் முழுக்க ஊசியில் ஏற்றவேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அதை இலவசமாகத் தருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஊசிக்காக வேலையை விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு, அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்தது. 22 வயசிலிருந்து 41 வயசு வரை உள்ளவர்கள். அவர்களுடைய ரத்த மூல செல்களை எடுத்து, வெளியே வைத்து எட்டாம் காரணி மரபணுவை ஏற்றி, திருப்பிக் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளிவந்தது. ஐந்து பேரையும் சேர்த்து 81 மாதம் கவனித்ததில் ஒரு தடவைகூட ரத்தக் கசிவு இல்லை. ஐந்து பேர்தான், நீண்ட காலம் பார்க்கவேண்டும், முதலில் கடுமையான மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலி செய்யவேண்டியிருக்கிறது. அதெல்லாம் உண்மை. ஆனாலும் நடந்திருக்கிறது, நம்ம வேலூரில்.

இதில் ரெண்டு விஷயம் சொல்லவேண்டும். அவர்கள் ஏற்றிய மரபணு முழுக்க மனித மரபணு இல்லை. பன்றியின் எட்டாம் காரணியிலிருந்து சில பகுதிகளை எடுத்து மனித மரபணுவோடு ஒட்டியது. அப்படிச் செய்தால் புரதம் அதிகமாகச் சுரக்கிறது. பன்றி வளர்த்த ஜனம் என்று நம்மை ஊருக்குள் விடாதவர்கள் வீட்டுப் பிள்ளைக்கும் நாளைக்கு இந்த மருந்துதான். அடுத்தது, அவர்கள் பயன்படுத்திய வெக்டர் லென்டி வைரஸ் வகை. தங்கச்சியின் ஏ.ஏ.வி. இல்லை. எச்.ஐ.வி. கிருமியிலிருந்து, நோய் உண்டாக்கும் பகுதிகளை எடுத்துவிட்டு உருவாக்கியது.

எச்.ஐ.வி.க்கும் வேலூருக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நிர்மலா என்கிற முதுகலை மாணவி, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன்பேரில், பாலியல் தொழிலாளிப் பெண்களை அடைத்து வைத்திருந்த இல்லத்துக்குப் போய் ரத்தம் சேகரித்தார். வைத்துக்கொள்ள வசதி இல்லை, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். சோதிக்கக் கருவி இல்லாததால் ரயிலில் வேலூருக்குத்தான் கொண்டுபோனார்கள். ஆறு பேருக்கு இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது அப்படித்தான். ஒரு மாணவியின் ஆய்வேடு. அவர் உழைப்பு பெரிசு, அதை நான் குறைக்கவில்லை. ஆனால் ரத்தம் கொடுத்த அந்த ஆறு பெண்கள் யார், அவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

அமெரிக்காவிலும் இதே கதை. ஹென்ரியெட்டா லாக்ஸ். கறுப்பினப் பெண், புகையிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1951-ல் பால்டிமோரில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கப்போன இடத்தில் அவரைக் கேட்காமலே செல்லை எடுத்தார்கள். அவர் அந்த வருஷமே 31 வயசில் இறந்துபோனார். செல் சாகவில்லை. இன்றைக்கும் உலகம் முழுக்க வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த செல்லை வைத்து ஏ.ஏ.வி. வெக்டர் தயாரிக்கிறது என்று அல்ட்ராஜெனிக்ஸ் என்கிற கம்பெனி மேல் அவர் குடும்பம் 2023-ல் வழக்குப் போட்டது. அதே வருஷம் தெர்மோ ஃபிஷர் என்கிற இன்னொரு கம்பெனி அந்தக் குடும்பத்தோடு சமரசம் செய்துகொண்டது. 72 வருஷம் கழித்து.

ரத்தம் எடுக்கும்போது கடைசிப் படியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். மருந்து கொடுக்கும்போது முதல் படியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றுவது பற்றித்தான் நாம் பேசவேண்டும்.

மரபணு என்றதும் சிலர் ரத்த சுத்தம், குலப்பெருமை என்று கிளம்புவார்கள். அவர்களிடம் ரெண்டு ஆய்வைச் சொல்லுங்கள். ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-ல் வெளியிட்டது ஒன்று. சுமார் 4,200 வருஷம் முன்னிலிருந்து 1,900 வருஷம் முன்வரை இந்த நாட்டு ஜனம் ஒன்றோடொன்று கலந்துதான் இருந்திருக்கிறது, அகமணம் இறுகியது அதற்குப் பிறகு என்கிறது. அடுத்தது 2017-ல். தெற்காசியாவில் 260-க்கு மேற்பட்ட குழுக்களைப் பார்த்ததில் 81 குழுக்கள், கொஞ்சப் பேரிலிருந்து பெருகி உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்தவை. அப்படிப்பட்ட குழுவில், அப்பா அம்மா ரெண்டு பேரிடமும் ஒரே பிழை மறைந்திருந்து பிள்ளைக்கு வருகிற நோய்கள் அதிகம். எஸ்.எம்.ஏ.யும் அந்த வகை நோய்தான். சாதிக்குள் கட்டிக்கொண்டதற்குக் குழந்தைகள் வட்டி கட்டுகிறார்கள். சாதியின் உயிர்நாடி அகமணம் என்று 1916-லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வுரை வாசித்தவர் அப்போது மாணவராக இருந்த அம்பேத்கர்.

அந்த அம்பேத்கர் 1913-ல் கப்பல் ஏறியது பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தங்கச்சியின் உதவித்தொகை எங்க கிளைக் கணக்கில்தான் வருகிறது. அவள் பாஸ்புக்கை நான் பதிகிறேன். ஏழு மாதம் எதுவும் இல்லை, பிறகு ஒரே நாளில் மொத்தமாக. அந்த ஏழு மாதத்தில் சின்னம்மாவின் தோடு எங்க வங்கியிலேயே நகைக்கடனில் இருந்தது. மதிப்புப் போட்ட சீட்டில் என் கையெழுத்து. ஏன் தாமதம் என்று கேட்டால் ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் காட்டுகிறது. 2015 ஜூலையிலிருந்து உதவித்தொகை வராமல், 2016 ஜனவரி 17-ல் நாம் பறிகொடுத்த ரோகித் வெமுலாவை நினைக்காமல் அந்தப் பாஸ்புக்கை என்னால் புரட்ட முடியவில்லை. கார்ல் சேகன் மாதிரி அறிவியல் எழுத்தாளன் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்ட பையன் அவன்.

நான் கேட்பது இதுதான்.

பொதுப்பணத்தில் நடக்கிற மரபணு ஆய்வில் விளைகிற மருந்துக்கு என்ன விலை, அரசு மருத்துவமனைக்கு எப்படி வரும் என்பதை முதலிலேயே எழுதி வாங்கவேண்டும். முடியாத காரியம் இல்லை. ரத்தப் புற்றுநோய்க்கு மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மருத்துவமனையும் சேர்ந்து வெக்டரை இங்கேயே செய்து, 2023 அக்டோபரில் அனுமதி வாங்கினார்கள். வெளிநாட்டில் மூணு நாலு கோடி ஆகிற சிகிச்சைக்கு இங்கே அப்போது சுமார் 40 லட்சம் என்று விலை வைத்தார்கள். அதுவும் அந்த 336 ரூபாய்க் கணக்கில் 119 வருஷம். ஆக, இங்கேயே செய்தால் மட்டும் போதாது. காப்பீட்டுத் திட்டத்துக்குள் வரும்வரை விடக்கூடாது.

நம்ம தெருவுக்கு ஆய்வு என்று ரத்தம் எடுக்க வந்தால், எதற்கு, எங்கே போகிறது, முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். 1999-ல் அமெரிக்காவில் 18 வயசுப் பையன் ஒருவன் மரபணு சிகிச்சைப் பரிசோதனையிலேயே செத்தான். ஆபத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று அவன் அப்பா வழக்குப் போட்டார். அங்கேயே அப்படியென்றால் இங்கே நாம் எவ்வளவு உஷாராக இருக்கவேண்டும்?

உதவித்தொகை மாசம் ஒண்ணாந்தேதி வரவேண்டும். எங்களுக்குச் சம்பளம் வருகிற மாதிரி. இதற்கு ஒரு போராட்டம் நடத்த இயக்கத்தால் முடியும்.

தங்கச்சி கிளம்புகிற அன்றைக்கு நான் ஒன்று சொன்னேன். அடுத்த தடவை அங்கே கருத்தரங்கில் பேசும்போது, இதை எங்க அம்மா உப்புத் தண்ணியில் செய்வார் என்று சொல்லு என்றேன். யோசித்தாள். "முதல்ல ஆய்வேட்டைக் குடுத்துடுறேண்ணே. அதுக்கப்புறம் சொல்றேன்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. அங்கே நிற்கிறவள் அவள்.

இங்கே இருக்கிற மாணவர்களில் அறிவியல் படிக்கிறவர்கள் கை தூக்குங்கள். பரவாயில்லை, பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். ஆய்வு உதவித்தொகைப் படிவம் நிரப்புவதில் என்னென்ன தப்பு வரும், எந்தக் காகிதம் இல்லாததால் திருப்பி அனுப்புவார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். வங்கி வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது. வாசலில் பென்ச் போட்டு உட்கார்ந்திருப்பேன். வாங்க.